ஆயிரம் சுற்று, நானூறு சுற்று

நவாஸ் பாய் ஏணியில் ஏறிப் பரணுக்குள் தலையை விட்டுவிட்டார், ஆயிரம் சுற்று மோட்டார் மேலேதான் இருக்கிறதாம், நானூறு மட்டும் கையெட்டும் இடத்தில் இருந்தது, அதை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் என் முன்னால் வைத்துவிட்டு, "ரெண்டையும் பாத்துட்டே சொல்லுங்க மேடம், ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார். அவசரமில்லையாம். ரிச்சி தெருவில் மத்தியான மழை, கடைவாசலில் தார்ப்பாய் வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது, எனக்குப் பின்னால் யாரோ குடையை மடக்கி என் புடவையில் உதறுகிறார்கள், உதறட்டும். நான் இந்த மோட்டாரைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். நிமிஷத்துக்கு நானூறு சுற்று. தடியாக, கனமாக, சொன்ன பேச்சு கேட்கிற மாடு மாதிரி இருக்கிறது. எட்வின் பார்த்தால் சிரிப்பான். "இது மாவாட்டுறதுக்கு ஆவும்டி" என்பான். போன தடவை வரைக்கும் இந்த மேசைக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேருமாகத்தான் நின்றோம், அவன் மோட்டாரின் இரண்டு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்டைத் திருகிப் பார்ப்பான், ஒயரைச் சேர்த்துவிட்டால் நல்ல மோட்டார் திரும்பாமல் முரண்டு பிடிக்கும், முரண்டு பிடிக்காவிட்டால் அது சோப்ளாங்கி, தள்ளி வை என்பான். திருகுவதற்கு இரண்டு விரல் வேண்டும். இன்றைக்கு, "ஒர்க்‌ஷாப்புல ஆடிட்டு, நீயே போய் வாங்கிட்டு வந்துடு ரெஜி" என்று என்னைத் தனியாக அனுப்பிவிட்டான். பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் ஆடிட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது எனக்குத் தெரியும்.

என் அக்கா இன்னமும் கேட்கிறாள், நாற்பது வயசுல புருஷனும் பொண்டாட்டியும் பொம்மை சண்டை போடுறீங்களாமே என்று. பொம்மைதான். எங்கள் பொம்மையின் பெயர் மூக்கன். முன்னால் சரிவாக ஒரு இரும்புத் தகடு, அதற்கு நடுவில் சுழலும் பல் வைத்த உருளை, அடியில் இரண்டு சக்கரம், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மோட்டார். கண்ணாடிக் கூண்டுக்குள் விட்டுவிட்டு வெளியே நின்று ரிமோட்டில் ஓட்ட வேண்டும், எதிராளியின் பொம்மை அசையாமல் போகும்வரை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். மொத்த எடை பதினைந்து கிலோவுக்கு மேல் ஒரு குண்டுமணி ஏறினாலும் தராசில் வைத்துவிட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் எல்லாமே பங்கு பிரிப்புத்தான், மோட்டாருக்குக் கொடுத்தால் பேட்டரிக்குக் குறையும், பேட்டரிக்குக் கொடுத்தால் தகடு மெலிந்துபோகும், ஊரில் சொத்துப் பிரிக்கிறபோதுகூட இவ்வளவு சண்டை வராது. மோட்டார் அவன் இலாகா, பேட்டரி என் இலாகா. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் லேப் எடுக்கிறவள் நான், பேட்டரியை எப்படித் தேர்வு செய்வது என்று பசங்களுக்கு ஒரே வாக்கியத்தில்தான் சொல்வேன்: மோட்டார் ஓடும்போது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்காதே, ஓட முடியாமல் மாட்டிக்கொள்ளும்போது எவ்வளவு கேட்கும் என்று பார். சக்கரம் சுதந்திரமாகச் சுற்றினால் மோட்டார் கொஞ்சமாகத்தான் மின்சாரம் இழுக்கும். எதிலாவது முட்டி நின்றுவிட்டால்தான் அடங்காத பசி, பேட்டரியில் உள்ளதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு ஒரு அங்குலம் நகராமல் தன்னையே பொசுக்கிக்கொள்ளும். போன மாசம் மூக்கன் அப்படித்தான் பொசுங்கினான். பொசுங்கியது வலது சக்கரத்து மோட்டார். ஒன்று போனாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், புதுசையும் பழசையும் சேர்த்துப் போட்டால் வண்டி நேராகப் போகாது. அதற்குத்தான் வந்திருக்கிறேன். ஆயிரமா, நானூறா. வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறபோதே முடிவு செய்துவிட்டேன் என்று நினைத்தேன், நானூறு என்று. இங்கே வந்து நின்றதும் வாய் ரெண்டையும் காட்டுங்க பாய் என்கிறது.

எட்வின் ஓட்டுகிற விதம் வேறு யாருக்கும் வராது. இடது கட்டைவிரல் இடது சக்கரம், வலது கட்டைவிரல் வலது சக்கரம், இரண்டு குச்சியையும் தனித்தனியாகத் தள்ளி மூக்கனை அப்படியே பம்பரமாகத் திருப்புவான், எதிராளி எங்கே போனான் என்று தேடுவதற்குள் பின்னால் வந்து நிற்பான். எங்களைவிடப் பெரிய ஆயுதம் வைத்தவர்களெல்லாம் எங்களிடம் தோற்றிருக்கிறார்கள். "ஓட்டத் தெரியாதவனுக்குத்தான்டி பெரிய ஆயுதம் வேணும்" என்பான், அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும், அந்தத் திமிரைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன், பொய் சொல்வானேன். போன மாசம் அந்தத் திமிர் கூண்டுக்கு வெளியில் அப்படியே நின்றுகொண்டிருந்தது, உள்ளே மூக்கன் மூலையில் மூக்கை நுழைத்துக்கொண்டு வலது சக்கரத்தை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தான். விடு, விடு எட்வின், பின்னால எடு என்று கத்தினேன். விட்டுட்டேன்டி என்றான். விடவில்லை. வலது கட்டைவிரல் குச்சியின் மேலேயே இருந்தது. அவன் விட்டுவிட்டதாகத்தான் நினைத்தான், விரலுக்குச் சேதி போகவில்லை. நான் பார்த்தேன். புகை வந்தது. எதிராளி வந்து அடிக்கக்கூட இல்லை, பாவம் பார்த்துத் தள்ளி நின்றான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிக்னல் கோளாறு என்றான் எட்வின். ஆமா, இந்த ரிமோட்டே சரியில்லை என்றேன் நான். சுற்றி நின்ற காலேஜ் பசங்களுக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

ரிமோட் சரியில்லை, சட்டைப் பொத்தான் சரியில்லை, பேனா சரியில்லை, சாவி துருப்பிடித்திருக்கிறது, டம்ளர் வழுக்குகிறது. எங்கள் வீட்டில் அவனைத் தவிர எல்லாமே கெட்டுப்போய்விட்டது. பொத்தானைப் போட்டுவிடுகிறபோது நான் ஏதாவது சண்டை இழுப்பேன், காஸ் புக் பண்ணினியா, கரண்ட் பில் கட்டினியா என்று, சண்டை போட்டுக்கொண்டே பொத்தானைப் போட்டுவிட்டால் போட்டுவிட்டது தெரியாது. நரம்பு பார்க்கிற டாக்டரம்மா அவன் தசையில் ஊசி ஊசியாகக் குத்தி நரம்பில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்தார், நானும் லேபில் அதைத்தானே செய்கிறேன், ஒயரில் ஓடுகிறதா, எங்கே அறுந்திருக்கிறது. அவனை உள்ளே சட்டை போடச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார். அந்த வியாதியின் பெயரிலேயே மோட்டார் என்று ஒரு வார்த்தை வந்தது, பைத்தியம் மாதிரி எனக்கு முதலில் கொஞ்சம் தைரியமாக இருந்தது, மோட்டார்தானே, மோட்டாரை எனக்குத் தெரியாதா. அப்புறம்தான் மீதியைச் சொன்னார். மருந்து இல்லை, தள்ளிப்போடலாம், அதுவும் கொஞ்சம். கையில் ஆரம்பித்தது அங்கேயே நிற்காது. சிலருக்கு மெதுவாகப் போகும், இவருக்கு வேகமாகப் போகிற மாதிரித் தெரிகிறது. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். "நானே சொல்லிக்கிறேன் மேடம்" என்றேன். வெளியே வந்தான், கலைந்த தலையோடு, "இன்னாவாம்?" என்றான். வாயைத் திறந்தேன், "வைட்டமின் குறைச்சலாம்" என்று வந்தது. நான் சொல்லவில்லை, தானாக வந்தது. எங்கள் வம்சத்து வழக்கம் அது. எங்கள் வீட்டில் ஒருவரும் தன் வியாதியின் பெயரைக் கேட்டுவிட்டுச் செத்ததில்லை. அப்பா அல்சர் என்று நினைத்துக்கொண்டே போனார், பெரியம்மா மூட்டுவலி என்று. சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும், படுத்திருக்கிறவருக்கு மட்டும் தெரியாது, அதற்குப் பெயர் பாசம். நான் படித்தவள், அப்பா விஷயத்தில் இதை எதிர்த்து அக்காவோடு மல்லுக்கு நின்றவள், என் முறை வந்தபோது என் நாக்கும் அதே தடத்தில்தான் ஓடியது. "வைட்டமினா? கீரை வாங்கிப் போடுடி அப்ப" என்று சிரித்தான். தினமும் வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறான். கூடவே இன்னொன்று, அந்தத் தள்ளிப்போடுகிற மாத்திரை, அதை வேறு டப்பாவில் மாற்றி வைத்து இதுவும் சத்து மாத்திரை என்று கொடுக்கிறேன். ஒரு நாள்கூட அவன் ஏன் ரெண்டு என்று கேட்டதில்லை.

போன் அடிக்கிறது. அவன்தான். இப்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேசுகிறான், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்கிறது.

"இன்னாடி, பாய் கடையிலயே குடித்தனம் போட்டுட்டியா?"

"மழைடா இங்க. பாய் பரண்மேல ஏறியிருக்காரு."

"எறங்குறதுக்குள்ள பேரன் பொறந்துடும் அவருக்கு. பேட்டரி பாத்தியா?"

"மோட்டார் முடிவாகாம பேட்டரி எப்படிப் பாக்குறது?"

"மோட்டார்ல முடிவு பண்ண இன்னா இருக்கு?" என்றான்.

போனில் எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறி கடகடவென்று சுற்றுவது கேட்டது. அப்படியானால் வீட்டில்தான் இருக்கிறான்.

"ஒண்ணுமில்ல," என்றேன், "வெயிட் கொஞ்சம் இடிக்குமோன்னு பாக்குறேன்."

"இடிச்சா தகட்ட இழைச்சுக்கலாம். சாப்ட்டியா நீ?"

"இல்ல."

"வடையாவது தின்னுட்டு வா. வெறும் வயித்தோட வந்து எங்கிட்ட விழாத." வைத்துவிட்டான், அதாவது வைக்க முயன்றான், விரல் பட்டிருக்காது, இன்னும் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவன் மூச்சும். நானும் கட் பண்ணாமல் கேட்டுக்கொண்டே நின்றேன், யாரோ காலிங் பெல் அடித்தார்கள், அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போனான். அப்புறம்தான் நான் வைத்தேன்.

முடிவு பண்ண என்ன இருக்கிறது. நானூறை வாங்கிக்கொண்டு போகிறேன் என்று வைத்துக்கொள்வோம். மூக்கன் மெதுவாக ஓடுவான். கட்டைவிரல் பிந்தினாலும் சுவர் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும், பின்வாங்க நேரம் இருக்கும், சனிக்கிழமை போட்டியில் முதல் சண்டையிலாவது மானம் போகாமல் வெளியே வரலாம். பேட்டரியும் சின்னதே போதும், மிச்சமாகிற எடையை உருளையில் போட்டு ஆயுதத்தைப் பெரிசாக்கலாம், இந்தக் காரணத்தைத்தான் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன், இந்த வருஷம் எல்லாரும் ஆயுதத்துக்குத்தான்டா முக்கியத்துவம் குடுக்குறாங்க எட்வின் என்று ஆரம்பிக்க வேண்டும். அவன் காது கொடுத்துக் கேட்பான். மோட்டாரை மடியில் வைத்துப் பார்ப்பான். ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். ஆனால் ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் பெரிய ஆயுதம் என்று சொன்னவன் அவன், ஓட்டத் தெரியாதவன் என்று பெண்டாட்டியே கணக்குப் போட்டு வாங்கி வந்திருக்கிறாள் என்று ஒரே நொடியில் தெரிந்துபோகும். வைட்டமின் குறைச்சலுக்கு யாராவது மோட்டாரை மாற்றுவார்களா. வைட்டமின் என்றால் நாலு மாசத்தில் சரியாகிவிடும், பழையபடி ஆயிரமே போதும். மெதுவான மோட்டார் வாங்கினால் இனிமேல் சரியாகாது என்று அர்த்தம். அவன் கேட்பான், என்னடி ரெஜி, உனக்கு என்ன தெரியும் என்று. கேட்டுவிட்டால் என்னால் தாங்க முடியாது, கொட்டிவிடுவேன், எல்லாவற்றையும், அடுத்து கால் என்பதையும், அடுத்து நாக்கு என்பதையும், அடுத்து விழுங்குவது, அடுத்து மூச்சு. சரி, ஆயிரமே வாங்குகிறேன். அப்படியானால் சனிக்கிழமை கூண்டுக்குள் மூக்கன் பாய்ந்து போய்ச் சுவரில் முட்டி அங்கேயே உறுமிக்கொண்டு நிற்பான், சுற்றி நூறு காலேஜ் பசங்க, கையிலே போன் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு. அவன் விட்டுட்டேன்டி, விட்டுட்டேன்டி என்று சொல்லிக்கொண்டிருப்பான். சனிக்கிழமை போகாமலே இருந்துவிட்டால்? எனக்குக் காய்ச்சல் என்று படுத்துவிடலாம். அடுத்த போட்டிக்கும் காய்ச்சல். அதற்கடுத்ததற்குக் காய்ச்சல் தேவைப்படாது. இந்த நினைப்பு வந்ததும் நானூறு மோட்டாரை மேசையில் வைத்துவிட்டேன். நான் எதை யோசித்தாலும் அங்கே கொண்டுபோய்த்தான் விடுகிறது, ஆயிரம் வழியாகப் போனாலும் அங்கே, நானூறு வழியாகப் போனாலும் அங்கே, கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான் வித்தியாசம். கோபம் வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை. வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றச் சொல்கிறாள் அக்கா, ஏற்றுகிறேன், ஏற்றுவதற்கு என்ன, மாதாவுக்கு நரம்பைப் பற்றி என்ன தெரியும் என்று வாய்வரை வந்துவிட்டது, சிலுவை போட்டுக்கொண்டேன். எனக்கு அவன் வேண்டும். திமிரோடு வேண்டும். திமிர் இல்லாமலும் வேண்டும், எப்படியிருந்தாலும் வேண்டும், ஆனால் அதை யாரிடம் போய்க் கேட்பது, இந்தத் தெருவில் எல்லாவற்றுக்கும் மாற்றுப் பாகம் கிடைக்கும் என்று அவனே சொல்லுவான்.

பாய் இறங்கிவிட்டார். தலையெல்லாம் ஒட்டடை. ஆயிரம் சுற்று மோட்டார் இரண்டை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தார். நான் ஒன்றை எடுத்து, இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்டைத் திருகினேன். நன்றாக முரண்டு பிடித்தது.

"சார் மாதிரியே பாக்குறீங்களே," என்று சிரித்தார் பாய். "எது மேடம் முடிவு? சின்னக் கூண்டுன்னா நானூறு நல்லாருக்கும். புதுசா ஓட்டுறவங்க எல்லாம் இப்ப அதான் வாங்குறாங்க."

"ரேட் ஒண்ணுதானே பாய்?" என்று என்னத்தையோ கேட்டேன்.

"ஒண்ணுதான். உங்களுக்குப் பாத்துப் போடுறேன். அட, மேல போனதும்தான் ஞாபகம் வந்துச்சு," என்று மேசைக்கடியில் குனிந்து ஒரு டப்பாவை எடுத்தார். "சார் போன வாரம் சொல்லிட்டுப் போனாரே, அந்த ரிமோட்டு. வந்துடுச்சு. இதையும் சேத்துக் கட்டிடவா?"

"எந்த ரிமோட்டு?"

"ஒத்தைக் கையால ஓட்டுறது. எடது கை மட்டும். ஒரே குச்சிலயே முன்ன பின்ன, லெப்ட்டு ரைட்டு எல்லாம் வந்துடும், சோத்துக் கை வேணவே வேணாம்." திறந்து காட்டினார். சின்னதாக, கறுப்பாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தது. "சாருக்கு இல்ல மேடம். அவரோட சிநேகிதர் யாரோ, கூட வேலை பாக்குறவராம். நரம்புல ஏதோ பெரிய வியாதி, சோத்துக் கை போயிடுச்சாம், இனிமே வராதாம். அவருக்கும் நம்ம சார் மாதிரியே இந்த ஆட்டம்னா உசுராம். சார் சொல்லச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

நான் மோட்டாரைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"அவரு சம்சாரத்துக்கு ஒண்ணும் தெரியாதாம்," என்றார் பாய், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அதாவது, அந்தம்மாவுக்கு வியாதி தெரியும்போல. இவருக்குத் தெரியும்ங்கறது அந்தம்மாவுக்குத் தெரியாதாம். வைட்டமின்னு சொல்லி மாத்திரை குடுக்குறாங்களாம், இவரும் வாங்கிப் போட்டுக்குறாராம். 'பாவம் பாய் அவ, அவனுக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடைஞ்சிடுவா'ன்னு சார் சொல்றாரு, அதான் சின்ன ரிமோட்டா பாருங்க, வீட்ல ஒளிச்சு வெச்சுப் பழகணும்னாரு. சொல்லும்போது அவரு கண்ணே கலங்கிடுச்சு மேடம். யாரு மேடம் அது, உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

வாசலில் ஆட்டோ ஒன்று தண்ணீரை வாரியிறைத்துக்கொண்டு போனது, யாரோ அவனைத் திட்டினார்கள். பாவம் பாய் என்று எட்வின் எப்படிச் சொல்லியிருப்பான் என்று எனக்குக் கேட்டது. என்னைப் பார்த்து ஒருமுறைகூடப் பாவம் என்று சொன்னதில்லை அவன். இங்கே வந்து, இந்த மேசைக்கு முன்னால் தனியாக நின்று, ஊரார் கதை மாதிரி எங்கள் கதையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், சொல்லிக்கொள்ள அவனுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் இருக்கிறேன். என்னிடம் மட்டும் சொல்ல முடியாது, நான் உடைந்துவிடுவேன். இப்போது இந்த ரிமோட்டையும் நானூறையும் எடுத்துக்கொண்டு போய் அவன் மடியில் வைத்து, எல்லாம் தெரியும்டா என்று சொல்லலாம். சொல்லிவிட்டு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழலாம். அதற்கு மறுநாள்? காலையில் எழுந்து பொத்தானைப் போட்டுவிடுகிறபோது எதற்காகச் சண்டை பிடிப்பது. என்னை ஏமாற்றுவதற்காகத்தான் அவன் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறான், அவனை ஏமாற்றுவதற்காகத்தான் நான். அதையும் பிடுங்கிவிட்டால் எங்கள் இரண்டு பேர் கையிலும் ஒன்றும் இருக்காது.

"எனக்குத் தெரியாது பாய்," என்றேன். "ஒர்க்‌ஷாப்புல அவருக்கு ஆயிரம் பேரு."

"அப்ப இதைக் கட்டிடட்டுமா?"

"வேணாம். அவரே வந்து வாங்கிக்கட்டும். நீங்க எங்கிட்ட காட்டினதா சொல்லாதீங்க. சிநேகிதர் விஷயம் வெளில தெரிஞ்சுடுச்சேன்னு வருத்தப்படுவாரு."

"ஐயோ, நான் ஏன் சொல்லப்போறேன்," என்று பாய் டப்பாவை மூடி மறுபடி மேசைக்கடியில் தள்ளினார். "மோட்டார்?"

"ஆயிரம்."

"பேட்டரி பெருசு வேணுமே அப்ப. முட்டி நின்னா நெறைய இழுக்கும்."

"இருக்கறதுலயே பெருசா குடுங்க."

ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றினார். கட்டி முடித்து என் பக்கம் தள்ளும்போது ஏதோ சந்தேகம் வந்தவர்போல நிமிர்ந்து பார்த்தார்.

"ஓட்டுறது சார்தானே மேடம்?"

"அவர்தான் பாய்," என்றேன். "அவரை விட்டா வேற யாரு ஓட்டுவா?"